ஷெர்லி சிசம் 'முதல்' என்பதைத் தாண்டி என்ன சாதித்தார்?

1968 தேர்தலில் புரூக்ளினில் வென்று, அமெரிக்க காங்கிரஸுக்குப் போன முதல் கறுப்பினப் பெண் அவர். அதைத் தாண்டி என்ன என்பதுதானே உங்கள் கேள்வி?

போனதுமே அவரை வேளாண்மைக் குழுவில் போட்டார்கள். நெருக்கியடித்த நகரத் தொகுதிக்காரருக்கு வயலோடு என்ன வேலை? புதிதாக வந்தவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்வதுதான் அங்கே வழக்கம். இவர் சபையிலேயே எதிர்த்துப் பேசி, முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாறினார். தன் தொகுதியில் மரங்களைவிட முன்னாள் படைவீரர்கள்தான் அதிகம் என்று கிண்டலும் செய்தார்!

முன்பு குழந்தைகள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர் என்பதாலோ என்னவோ, ஏழைத் தாய்மார், குழந்தைகளின் சத்துணவுக்காக விடாமல் போராடினார்.

1972-ல் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கினார். அதே போட்டியில் இருந்த, இனப் பாகுபாட்டை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் சுடப்பட்டபோது மருத்துவமனைக்கே போய்ப் பார்த்தார். சொந்த ஆதரவாளர்களே கொதித்தார்கள். ஆனால், வீட்டு வேலை செய்வோருக்குக் குறைந்தபட்ச ஊதியம் கேட்டு அவர் நின்றபோது, தென் மாநில உறுப்பினர்களின் ஓட்டைத் திரட்ட உதவியவர் அதே வாலஸ். 1974-ல் அது சட்டமானது. என்னைக் கேட்டால், அதிபர் போட்டியைவிட இதுதான் பெரிய வேலை.