மொழிக்கல்விக் கொள்கையில் நாடுகள் எப்போதிலிருந்து ஒத்துழைத்து வருகின்றன?

யுனெஸ்கோ தோன்றிய பிறகுதான் என்று பலரும் எழுதுகிறார்கள்; நான் 1919-இலிருந்து தொடங்குவேன். அந்த ஆண்டு போலந்து கையெழுத்திட்ட சிறுபான்மையினர் உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு, வேற்றுமொழி பேசும் குடிமக்கள் 'கணிசமான விகிதத்தில்' வாழும் ஊர்களில், அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியிலேயே பாடம் நடத்த அரசு வகைசெய்ய வேண்டும் என்றது. கணிசம் என்றால் எவ்வளவு என்பது அதில் இல்லை. பள்ளி கேட்பவரும் மறுப்பவரும் அந்த ஒரே சொல்லைக் காட்டி வாதிடலாம். அல்பேனியா 1933-இல், சிறுபான்மையினர் நடத்தியவை உட்பட, தனியார் பள்ளிகளை ஒழித்தபோது விவகாரம் ஹேக் நகரில் அப்போதிருந்த நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் வரை சென்றது. தனக்கென நிறுவனங்கள் இல்லாத சிறுபான்மைக்கு உண்மையான சமத்துவம் இல்லை என்று 1935-இல் அந்த மன்றம் கருத்துரைத்தது.

யுனெஸ்கோ 1951-இல் பாரிஸில் நிபுணர்களைக் கூட்டி, குழந்தைக்குக் கற்பிக்கச் சிறந்த ஊடகம் தாய்மொழியே என்ற அறிக்கையை 1953-இல் வெளியிட்டது. ஆனால் கல்வியில் பாகுபாட்டுக்கு எதிரான 1960-ஆம் ஆண்டின் ஒப்பந்தம், சிறுபான்மையினர் தம் மொழியைக் கற்பிக்கும் உரிமையை ஏற்றுக்கொண்ட கையோடு, 'ஒவ்வொரு நாட்டின் கல்விக் கொள்கையைப் பொறுத்து' என்றும் சேர்த்துக்கொண்டது. கட்டுப்படுத்தும் ஆவணங்களில் இப்படியொரு தப்பும் வழி ஏறக்குறைய எப்போதும் இருக்கும்.

வகுப்பறையை உண்மையில் மாற்றியது, என் கணிப்பில், எவரையும் கட்டுப்படுத்தாத ஓர் ஆவணம்தான். ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்புகளில் ஒன்றான ஐரோப்பிய மன்றம் (Council of Europe) 1975-இல் ஆங்கிலத்துக்கு ஒரு 'வாசல் நிலையை' (Threshold Level), அதாவது அன்றாடத் தேவைகளைத் தானே சமாளிக்கப் போதுமான நிலையை, வரையறுத்தது. 1991-இல் சுவிட்சர்லாந்தின் ருஷ்லிக்கோன் நகரில் கூடிய கருத்தரங்கு மொழித்திறனை அளக்கப் பொதுச் சட்டகம் ஒன்று வேண்டும் என்றது. 2001-இல் அந்தச் சட்டகம் (CEFR), ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகளுடன் வெளிவந்தது. இலக்கணம் எவ்வளவு தெரியும் என்பது அதன் முதன்மையான கேள்வி அல்ல. ஏ1 நிலையில் இருப்பவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள முடியுமா, எங்கே வசிக்கிறார் என்று சொல்ல முடியுமா என்றே கேட்கிறது. எந்த மொழியில் பள்ளி நடத்த வேண்டும் என்ற தகராறுக்குள் அது நுழையாததால், அரசுகளுக்கு அதை எதிர்க்கக் காரணமும் இருக்கவில்லை. ஐரோப்பாவுக்கு வெளியேயும் பாடநூல் அட்டைகளில் இந்த எழுத்துகள் ஏறிவிட்டன.

கற்பவருக்காக வகுத்த அந்த அளவுகோலை அரசுகள் பிற்பாடு குடியேற்றச் சட்டங்களுக்கும் எடுத்துக்கொண்டன: ஜெர்மன் குடியுரிமை கோருபவர் பொதுவாக பி1 நிலையை எட்டியிருக்க வேண்டும்.