விண்ணப்பக் கோவையை நகர்த்த நாலு இலட்சம்?

யாழ்ப்பாணம் சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் ஓய்வு பெற்ற கையோடு, இரத்தினபுரிப் பக்கம் உள்ள சிறு நீர்மின் நிலையமொன்றில் பங்கு வாங்கினார். இப்போது அனுமதிப்பத்திரம் முடியும் தறுவாய். புதுப்பிக்க விண்ணப்பம் போட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியும் பதில் இல்லை. கொழும்பில் ஒருவர் நாலு இலட்சம் தந்தால் கோவையை, அதாவது அந்த விண்ணப்பக் கோப்பை, நகர்த்தித் தருவதாகச் சொல்கிறாராம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி இலஞ்சம் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளி. "உள்ளுக்கு எங்கட ஆள் இருக்கு" என்பவரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பத்திரம், எந்த அலுவலகத்தில் நிற்கிறது? பெரும்பாலும் அவருக்கே தெரியாது. கோவை தானாக நகர்ந்தால் தன்னால் என்பார், நகராவிட்டால் மேலதிகாரி மாறிவிட்டார் என்பார். பற்றுச்சீட்டு மட்டும் தரமாட்டார்.

அந்தக் கேள்விக்கு உங்கள் கம்பனி இயக்குநர்களும் பதில் சொல்ல வேண்டும். சிறு நீர்மின்னுக்குப் பத்திரங்கள் மூன்று. நீரைப் பயன்படுத்தி மின் எடுக்கும் அனுமதி இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையுடையது. உற்பத்தி உரிமம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுடையது. விலையைத் தீர்மானிக்கும் மின் கொள்வனவு ஒப்பந்தம் மின்சார சபையோடு செய்தது. மூன்றும் ஒரே நாளில் முடியவேண்டும் என்றில்லை. சபையையே பிரிக்க 2024-இல் 36-ஆம் இலக்கச் சட்டம் வந்ததால், ஒப்பந்தக் கடிதத்தை இப்போது யாருக்கு அனுப்புவது என்பதையும் கேட்டறிய வேண்டியிருக்கிறது. மின்னை விற்பவரே வாங்குபவரைத் தேடி அலைய வேண்டிய நிலை!

தாமதத்தைத் தட்டிக்கேட்கக் கையிலுள்ள நல்ல ஆயுதம் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் "ஏன் தாமதம்?" என்று கேட்டால் மழுப்பல்தான் வரும். எங்கள் விண்ணப்பம் பதிவான திகதி, அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி, இப்போது எந்தப் பதவியிலுள்ளவரிடம் இருக்கிறது, யாருடைய சம்மதம் பாக்கி, இவற்றைக் கேளுங்கள். அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, யாழ்ப்பாணத்தவருக்கு இது முக்கியம். இந்த உரிமை பிரஜைகளுக்குத்தான். கம்பனியின் பெயரில் கேட்பதானால் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாதவர்கள் இலங்கைப் பிரஜைகளாக இருக்க வேண்டும். உங்கள் பங்குதாரர்களில் கனடாவிலும் லண்டனிலும் எத்தனை பேர்? இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவர் கணக்கில் வருவார். கனடாக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் மைத்துனர் வரமாட்டார், சுன்னாகத்தில் வீடு வளவு இருந்தாலும்தான். பங்கு எவ்வளவு என்பதல்ல, தலைகளை எண்ணுங்கள். எண்ணிப் பார்த்து மண்டை காய்வதைவிட, இங்கே அடையாள அட்டை வைத்திருக்கும் உங்கள் கணவரே தன் பெயரில் கேட்டுவிடட்டும். மூன்றாம் ஆளின், அதாவது கம்பனியின், வணிகத் தகவல் என்று தட்டிக்கழிக்கப் பார்த்தால், பங்குச் சான்றிதழின் பிரதியை இணையுங்கள்.

இன்னொரு பொறி. அமெரிக்காவில் நீர்மின் உரிமம் முடியுமுன் முடிவு வராவிட்டால் வருடாந்த உரிமம் கொடுத்து நிலையத்தை ஓட விடுவார்கள். ஆனால் முடிவதற்கு இரண்டு வருடம் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். அந்த விதியை இணையத்தில் எடுத்துக் காட்டி "தானாக நீடிக்கும், பயமில்லை" என்று இங்கே ஆலோசனை விற்பவர்கள் உண்டு. நம்பி இருந்துவிடாதீர்கள். இங்கே உங்கள் கையிலுள்ள பத்திரத்தின் நிபந்தனையும் எழுத்தில் வரும் பதிலும்தான் செல்லும்.

பதிலில் கோவை ஒரே மேசையில் மாதக்கணக்காகக் கிடந்தது தெரிந்தால், அந்தப் பிரதியோடு, அரச அலுவலர்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனுக்கு முறைப்பாடு எழுதலாம். பணம் கேட்டவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தால் 1954-க்கு அழைத்து இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் சொல்லுங்கள். மின் கொள்வனவு ஒப்பந்தம் முடியும் திகதியை இயக்குநர்களிடம் இந்த வாரமே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது அனுமதிக்கு முன்னரே முடிவதானால், முதலில் துரத்த வேண்டியது அதைத்தான்.