எடை குறைத்தால் மரபணு மாறுமா?

கேள்வி: வயது 41. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை நோய். எனக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 6.2. ஆறு மாதத்தில் 82 கிலோவிலிருந்து 76-க்கு வந்துவிட்டேன். சாப்பாட்டை மாற்றினால் மரபணுவே மாறும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுக்கட்டுமா, டாக்டர்?

பதில்: 6 கிலோ குறைத்தது பெரிய விஷயம், பாராட்டுகள். டெஸ்ட் வேண்டாம்.

பெற்றோரிடமிருந்து வந்த மரபணு சாப்பாட்டால் மாறாது. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மாறும். அதைக் கட்டுப்படுத்துபவற்றில் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுவிலிருந்து நகலெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறில், சுமார் 22 எழுத்து (வேதி அலகு) நீளமே உள்ள துணுக்கு இது. புரதம் தயாரிக்கும் உத்தரவைக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.வில் இது ஒட்டிக்கொண்டால், அந்தப் புரதம் உருவாவது குறைந்துவிடும். 1993-இல் ஒரு சின்னஞ்சிறு புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தொப்பைக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது இந்தத் துணுக்குகளை ரத்தத்தில் அனுப்பி, ஈரலில் உள்ள மரபணுக்களின் வேலையையும் மாற்றுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். பருத்த எலிகளின் ஈரலில் 103, 107 என்ற எண்ணுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கூடுதலாக இருந்தன. அவற்றை அடக்கியதும் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. எடை குறைத்த மனிதர்களின் ரத்தத்திலும் சிலவற்றின் அளவு மாறுகிறது. ஆனால் எது கூடும், எது குறையும் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு வேறுபடுகிறது. அந்த ரிப்போர்ட்டை வைத்து எந்த டாக்டரும் உங்களுக்குச் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது. அந்தப் பணத்தில் எச்பிஏ1சி, கொழுப்பு, ஈரலுக்கான எஸ்ஜிபிடி பாருங்கள். இடுப்புச் சுற்றளவு, ஆண் என்றால் 90 செ.மீ.க்குள், பெண் என்றால் 80 செ.மீ.க்குள் இருக்கிறதா என்று வீட்டிலேயே அளந்துகொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடை குறைந்த பிறகும் கொழுப்புச் செல்களில் பழைய பருமனின் தடயம் தங்கிவிடுகிறது என்று 2024-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே நாளை இரண்டு கிலோ ஏறினால், 'எனக்கு மனஉறுதி இல்லை' என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். உடம்பு பழைய எடைக்கு இழுக்கிறது, அவ்வளவுதான். மறுநாளே நடைக்குக் கிளம்புங்கள். இரவில் நாலு தோசை என்றால் இரண்டாக்கி, கூடவே ஒரு கிண்ணம் சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் இருக்கிறதே, எப்படியும் வரும் என்று விட்டுவிடவும் வேண்டாம். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உங்களைப் போல சர்க்கரை நோயின் எல்லைக்கோட்டில் இருந்தவர்களில் வழக்கம்போல் இருந்தோரில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை வந்தது. உணவையும் நடையையும் சீர்செய்தோரில் 39 சதவீதம்தான். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி பாருங்கள். 6.5-ஐத் தொட்டால் உங்கள் டாக்டரை உடனே போய்ப் பாருங்கள்.