ஏங்குகிற இதயத்திற்கும் சோதனை வரும்

கேள்வி: எனக்கு 36 வயது. மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள். ஆலயத்தில் பாடகர் குழுவில் பாடுகிறேன். சில ஆண்டுகளாக, இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு செல்போனில் ஆபாசப் படம் பார்க்கும் பழக்கத்தில் சிக்கியிருக்கிறேன். உபவாசக் கூட்டங்களில் அழுது மன்னிப்புக் கேட்கிறேன். சில நாட்கள் மனம் அவ்வளவு லேசாக இருக்கும். வேதம் வாசிக்கவே ஆசையாக இருக்கும். வேலையிடத்தில் பேச்சு வாங்கிக்கொண்டு சோர்ந்து வரும் ஏதோ ஓர் இரவில் மறுபடியும் விழுந்துவிடுகிறேன். பிறகு வாரக்கணக்கில் ஜெபிக்க வாய் வராது. சென்ற முறை திருவிருந்துக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்துவிட்டேன். தேவனை உண்மையாகத் தேடுகிறவனுக்கு இப்படிப்பட்ட இச்சை வருமா? என் சந்தோஷம் ஏன் நிலைப்பதில்லை? பாடகர் குழுவிலிருந்து விலகிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். வரும். தேவனை முழு இதயத்தோடு தேடுகிறவனுக்கும் வரும். இச்சை வந்துவிட்டதாலேயே உங்கள் தேடல் பொய் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதை நம்ப வேண்டாம்.

சபை வரலாற்றில் இதைப் பற்றி மனம் திறந்து எழுதியவர்களில் முதலாவதாக எண்ணத்தக்கவர் அகஸ்டின். 354இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊரில் பிறந்தவர். இளவயதில் கற்பைத் தந்தருளும் என்று ஜெபித்தபோதே, 'இப்போதைக்கு வேண்டாம்' என்றும் சேர்த்துக்கொண்டதைத் தம் 'அறிக்கைகள்' நூலில் அவரே எழுதிவைத்திருக்கிறார். நம் பிரசங்கங்களில் அவர் கதை பெரும்பாலும் மிலான் நகரத் தோட்டத்தோடு முடிந்துவிடும். 386ஆம் ஆண்டு, அத்திமரத்தடியில் விழுந்து அழுகிறார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிள்ளையின் குரல், 'எடுத்து வாசி, எடுத்து வாசி' என்று பாடுவதுபோல் கேட்கிறது. பவுலின் நிருபத்தைத் திறக்கிறார். ரோமர் 13ஆம் அதிகாரத்தின் வசனங்கள் கண்ணில் படுகின்றன. அவர் மனம் தெளிகிறது. அடுத்த ஆண்டு ஈஸ்டரில் ஆயர் அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெறுகிறார். சாட்சி முடிந்தது, எல்லோரும் கைதட்டுகிறோம்.

ஆனால் அந்த நூல் அங்கே முடியவில்லை. நீங்கள் வாசிக்க வேண்டியது அதன் பத்தாவது பாகம். அதை எழுதும்போது ஞானஸ்நானம் பெற்று ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஹிப்போ நகரத்தின் ஆயர். அந்தப் பாகத்தில்தான், 'எவ்வளவு தாமதமாக உம்மை நேசித்தேன்' என்று தேவனை நோக்கி உருகும் அந்தப் புகழ்பெற்ற வரிகள் வருகின்றன. தேவன்மேல் கொண்ட ஏக்கத்தை இதைவிட அழகாகச் சொன்னவர்கள் குறைவு. அடுத்து என்ன வருகிறது தெரியுமா? நான் எனக்கே பாரமாயிருக்கிறேன் என்கிறார். அதைத் தொடர்ந்து பக்கம் பக்கமாகத் தம் சோதனைகளை வரிசையாக எழுதுகிறார். விழித்திருக்கும்போது வலுவிழந்துபோன பழைய காட்சிகள் தூக்கத்தில் வந்து தம்மை இழுப்பதைச் சொல்கிறார். பசிக்கு உண்பது எங்கே முடிகிறது, ருசிக்கு உண்பது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை என்கிறார். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பல்லி ஈயைப் பிடிப்பதைக் கண்டால் கண் அங்கேயே நின்றுவிடுகிறது, மனம் ஜெபத்தை விட்டு அதன் பின்னால் போய்விடுகிறது என்கிறார். மக்கள் புகழும்போது உள்ளே இனிக்கிறதே என்று வருந்துகிறார்.

ஏக்கமும் சோதனையும் ஒரே மனிதனிடத்தில், ஒரே பாகத்தில், அடுத்தடுத்த பக்கங்களில். இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஏக்கம் சோதனையை ஒழித்துவிடவில்லை. சோதனையைத் தேவனுக்கு முன்பாகவே எடுத்துப் பேசும் துணிவை அவருக்குக் கொடுத்தது. உங்களுக்கு நேர்வதோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. விழுந்த பிறகு வாரக்கணக்கில் ஜெபிக்க வாய் வரவில்லை என்கிறீர்கள். அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நம் ஆண்டவரும் வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டார். 'எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற' பிரதான ஆசாரியர் என்று எபிரெயர் நிருபம் அவரைச் சொல்லிவிட்டு, ஆகையால் தைரியமாய்க் கிருபாசனத்தண்டையில் சேருங்கள் என்று அழைக்கிறது. சுத்தமாகி முடித்த பிறகு வாருங்கள் என்று அந்த வசனத்தில் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோதிக்கப்படுவது பாவமல்ல, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது சோதனையோடு நின்ற கதை அல்ல. அந்தத் திரையில் இருப்பது தேவசாயலில் படைக்கப்பட்ட ஒரு பெண். அவள் யாரோ ஒருவருக்கு மகள். வற்புறுத்தலால் அங்கே வந்து சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. யார் எப்படி வந்தார்கள் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. உங்கள் மனைவிக்கும் இதில் அநீதி நடக்கிறது. உங்களை நொறுக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. 'எனக்கும் தேவனுக்கும் இடையிலான விஷயம்' என்று மட்டும் இதை நினைத்துக்கொண்டிருந்தால், மனந்திரும்புதல் பாதியில் நின்றுவிடும்.

இப்போது சந்தோஷத்துக்கு வருகிறேன். லூக்கா 10இல் எழுபது சீஷர்கள் ஊழியத்திலிருந்து சந்தோஷத்தோடு திரும்பி வருகிறார்கள். பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்கிறார்கள். எவ்வளவு பெரிய வெற்றி! ஆனாலும் ஆண்டவர், ஆவிகள் கீழ்ப்படிவதற்காகச் சந்தோஷப்படாமல், 'உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள்' என்கிறார். வெற்றியின்மேல் கட்டிய சந்தோஷத்தை, வெற்றி கிடைத்த அந்த நாளிலேயே அவர் இடம் மாற்றி வைக்கிறார். உங்கள் சந்தோஷம் நிலைக்காததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். உபவாசக் கூட்டத்துக்குப் பிறகு மனம் லேசாகிறதே, அப்போது நீங்கள் எதில் மகிழ்கிறீர்கள்? தேவனிலா, அல்லது விழாமல் கழிந்த நாட்களிலா? விழாத நாட்களில் மகிழ்ந்தால், விழுந்த நாளில் அந்த மகிழ்ச்சியும் சேர்ந்தே விழும். உங்கள் பெயரை எழுதியவர் நீங்கள் அல்ல. ஆகவே அந்த எழுத்து உங்கள் இரவுகளைப் பொறுத்து அழிந்து அழிந்து எழுதப்படுவதும் இல்லை.

'உம்முடைய சமுகத்தில் பரிபூரண ஆனந்தம்' என்று 16ஆம் சங்கீதம் சொல்கிறது. ஆனந்தம் வேண்டும் என்று ஆசைப்படுவதே தவறு என்று சில நல்ல விசுவாசிகள்கூட நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேதம் நம் தாகத்தைக் கண்டிப்பதில்லை. எரேமியா 2ஆம் அதிகாரத்தில் தேவனுடைய வழக்கு என்ன? ஜீவத்தண்ணீர் ஊற்றாகிய என்னை விட்டு, தண்ணீர் நிற்காத வெடிப்புள்ள தொட்டிகளை வெட்டிக்கொண்டார்கள் என்பதுதான். தாகம் எடுத்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. உங்கள் கடிதத்தையே மறுபடி வாசித்துப் பாருங்கள். பேச்சு வாங்கிக்கொண்டு சோர்ந்து வரும் இரவில் விழுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரவில் உங்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது என்ன? நீ மதிப்புள்ளவன் என்று யாராவது சொல்ல வேண்டும். கொஞ்ச நேரமாவது அவமானத்தை மறக்க வேண்டும். செல்போன் அதைத் தருவதாகக் காட்டி, வேறொன்றைத் தந்துவிடுகிறது. அடுத்த முறை அப்படி ஒரு மாலை வந்தால், படுக்கைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். பஸ்ஸில் வரும்போதே நடந்ததை ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். இன்னார் இப்படிப் பேசினார், எனக்கு எரிகிறது, ஆண்டவரே என்று உள்ளபடியே சொல்லுங்கள். சங்கீதக்காரர்கள் இதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடமும் சொல்லுங்கள்.

மிலான் தோட்டத்தில் அகஸ்டின் வாசித்த வசனம், 'துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாதிருங்கள்' என்று முடிகிறது. இச்சைக்கு வசதி செய்து கொடுக்காதே என்று இதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் வீட்டில் அந்த வசதி தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்று இரவு முதல் செல்போனைக் கூடத்திலேயே சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். அலாரத்துக்கு ஒரு சின்ன கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். இது என்ன ஆவிக்குரிய காரியமா என்று தோன்றலாம். ஆம், இதுவும் ஆவிக்குரிய காரியம்தான். சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று பவுல் எழுதியது இப்படிப்பட்ட எளிய வாசல்களையும் சேர்த்துத்தான் என்று நம்புகிறேன்.

தனியாகப் போராட வேண்டாம். உங்கள் ஆயரிடமோ, வாய் காக்கிற ஒரு மூத்த சகோதரரிடமோ இந்த வாரமே பேசுங்கள். இந்தப் பழக்கத்தைப் பற்றி மனைவியிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதையும் அவரோடு சேர்ந்து ஜெபித்து முடிவு செய்யுங்கள், காலவரையின்றித் தள்ளிப்போடாதீர்கள். எவ்வளவு முயன்றும் பழக்கம் பிடியை விடவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகிற நாம் இதற்குப் போவதை அவிசுவாசம் என்று நினைக்கக் கூடாது.

திருவிருந்தைப் பற்றி: 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம், மனுஷன் தன்னைத்தானே சோதித்தறிந்து இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன் என்கிறது. சோதித்தறிந்து விலகி உட்காரக்கடவன் என்று சொல்லவில்லை. பாவத்தை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவன் பயப்பட வேண்டும். விட முடியவில்லையே என்று அழுகிறவனுக்காகத்தான் அந்த மேசை விரிக்கப்பட்டிருக்கிறது. ஆயரிடம் பேசிவிட்டு, அடுத்த முறை எழுந்து போங்கள்.

கடைசியாக, பாடகர் குழு. அகஸ்டினுக்கும் பாட்டில் ஒரு குழப்பம் இருந்தது. பாடலின் பொருளைவிடக் குரலின் இனிமை தம்மை உருக்கிவிடுகிறதே, இது பாவமோ என்று அந்தப் பத்தாவது பாகத்திலேயே தவிக்கிறார். ஆலயத்தில் இசையே வேண்டாம் என்றுகூடச் சில நேரம் தோன்றியதாம். ஆனால் விசுவாசத்துக்குத் திரும்பிய புதிதில் சபையின் பாட்டைக் கேட்டுத் தாம் சிந்திய கண்ணீரை நினைத்து, பாட்டு இருக்கட்டும் என்ற பக்கமே சாய்கிறார். நீங்களும் உங்களாகவே முடிவெடுத்து விலகாதீர்கள். ஆயரிடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகு, கொஞ்ச காலம் ஓய்வாக இரு என்று அவர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அது தண்டனை அல்ல. பாடு என்று சொன்னால் பாடுங்கள். மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல என்று தொடங்கும் 42ஆம் சங்கீதம், தேவாலயத்துக்குக் கூட்டத்தோடு போன நாட்களை நினைத்து உருகுகிற, இப்போது தூரமாய்க் கிடக்கிற ஒருவருடைய பாட்டு. அதைப் பாடும் தகுதி உங்களுக்கு இருக்கிறது.