இரண்டு நாள் வைத்திருந்து திரும்ப விட்டால், அது ஏங்கிப் போகாதா?

கேள்வி: நாங்கள் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். வீட்டு முன்பக்கமே மாங்காய் மண்டி. மகள் பிறந்தநாளுக்கு ஓசூர் பக்கம் உள்ள ஒரு நாய்கள் காப்பகத்துக்கு அரிசி கொடுக்கப் போனோம். அங்கே ஒரு கறுப்பு நாட்டு நாய் நான்கு வருஷமாகக் கூண்டிலேயே இருக்கிறது. "தத்து எடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை, சனி ஞாயிறு மட்டும் வீட்டில் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்து விடுங்கள்" என்கிறார்கள். ஆறாவது படிக்கும் மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். மாமியாரோ, "வாயில்லா ஜீவனுக்கு ஆசை காட்டி மோசம் பண்ணாதே, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்" என்கிறார். எனக்கும் அதுதான் உறுத்துகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, உங்கள் மாமியார் கேட்டதை நானும் ஒரு காலத்தில் கேட்டேன். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அழைத்து வாருங்கள் என்பதுதான் என் பதில்.

மூன்று வருஷம் கூண்டில் இருந்த ஒரு பெண் நாயை, மூன்று ராத்திரிக்கு தர்மபுரியில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வாசற்படியை எப்படித் தாண்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு காலை வைப்பாள், எடுப்பாள். சுழலும் மின்விசிறியைப் பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சாப்பிடவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தையல் மிஷினுக்கு அடியில் போய்ப் படுத்து, நான்கு காலையும் நீட்டிவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினாள். காப்பகத்தில் ஒரு நாய் குரைத்தால் அத்தனையும் குரைக்கும். அங்கே எந்த நாயும் காலை நீட்டித் தூங்கி நான் பார்த்ததில்லை. எல்லாம் சுருண்டு, ஒரு காதைத் தூக்கி வைத்தபடிதான் கிடக்கும். வருஷக்கணக்காக அரைத்தூக்கம் தூங்கிய உடம்புக்கு இரண்டு ராத்திரி முழுத்தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம்!

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஓரிரு இரவுகள் வீடுகளுக்கு அனுப்பி, சிறுநீரில் கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோனைச் சோதித்தார்கள். 2019இல் வந்த ஆய்வு அது. வீட்டில் இருந்த நாட்களில் அளவு இறங்கியது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கு வந்தது. கவனியுங்கள், பழைய அளவுக்குத்தான், அதைத் தாண்டி ஏறவில்லை. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். அந்த நாய்க்கு நாம் கொடுப்பது ஓய்வு. அதில் மோசம் எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்லலாம். நம் அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்கு எத்தனை கூட்டம்! பைரவர் வாகனம் என்று கறுப்பு நாய்க்குச் சோறு வைப்பவர்கள் நிறையப் பேர். "உள்ளே வா" என்று சொல்பவர்கள்தான் குறைவு. தத்து கேட்டு வருகிறவர்களும் லாப்ரடார் இருக்கிறதா, குட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வயதான, கறுப்பான நாட்டு நாய் பின்னால் தங்கிவிடுகிறது.

சரி, எப்போது? மாங்காய் சீசனில் வேண்டாம். லோடு ஏறும் வீட்டில் கேட் திறந்தபடியே கிடக்கும். புது இடத்தில் வெளியே ஓடிவிட்ட நாய்க்குத் திரும்பி வர உங்கள் வீடு எதுவென்று தெரியாது. எனக்கு மிகப் பெரிய பயம் இதுதான். சீசன் முடிந்து, விசேஷம் எதுவும் இல்லாத, பட்டாசுச் சத்தம் இல்லாத ஒரு வாரக்கடைசியாகப் பாருங்கள். கழுத்துப்பட்டையோடு, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் கேட்டு வாங்குங்கள். பயந்த நாய் பின்னால் இழுத்தால் கழுத்துப்பட்டை தலை வழியாக உருவிக்கொள்ளும். கார் கதவைத் திறப்பதற்கு முன்பே கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும். ஓசூரிலிருந்து வரும் வழியில் வாந்தி எடுக்கலாம், பழைய துணி விரித்துவிடுங்கள். கிளம்பும் முன் சாப்பாடு வேண்டாம்.

ரேபிஸ் தடுப்பூசி போட்ட தேதியை அட்டையில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அழைத்து வரவேண்டும். குழந்தை இருக்கும் வீடு, இதில் வாய்ப்பேச்சு போதாது. அப்படியும் பல் பட்டுவிட்டால் மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் அப்பாமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சாப்பாடு, காப்பகத்தில் என்ன கொடுக்கிறார்களோ அதுவேதான். ஆசைக்கு பிரியாணி வைத்தால் வயிறு போய்விடும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு கூடவே கூடாது. வீட்டுக்குள் சிறுநீர் போனால் திட்டாமல் துடைத்துவிடுங்கள்.

மகளுக்கு ஒரே ஒரு கட்டளை. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது. கட்டிப்பிடிப்பதெல்லாம் அதுவாக வந்து உரசினால் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் ஒரு நோட்டைக் கையில் கொடுங்கள். கோழியைப் பார்த்தால் என்ன செய்கிறது, தனியாக விட்டால் அழுகிறதா, எங்கே தூங்குகிறது, எல்லாவற்றையும் எழுதட்டும். கூண்டுக்கு வெளியே இருந்து பார்க்கும் யாருக்கும் இது தெரியாது. தத்து எடுக்க யோசிக்கிற குடும்பம் இதைத்தான் கேட்கும். அமெரிக்காவிலேயே 51 காப்பகங்களில் பார்த்து 2023இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், சில நாள் வீட்டில் தங்கிவந்த நாய்களுக்குத் தத்து கிடைக்கும் வாய்ப்பு 14 மடங்கு அதிகமாக இருந்தது. சாதுவான நாய்களையே முதலில் அனுப்பியிருப்பார்கள் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் பெரிய கணக்குதான்.

திங்கட்கிழமை வலிக்கும், உங்களுக்கு. அன்று கேட்டில் என் நாய் தினமும் சோறு வைக்கும் அண்ணனைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான்தான் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சனிக்கிழமை காலையிலேயே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் வேண்டாம். அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள்.