மகனுக்குக் ‘கோஃபி’ என்று பெயர் வைக்க ஆசை. அதன் பொருள் என்ன?

வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளை என்று பொருள். கானாவின் அகான் மக்களிடம் பிறந்த கிழமையே பெயராகும்; அதைத் தேடி அலைய வேண்டாம், பிள்ளையே கையோடு கொண்டுவந்துவிடுகிறது. ஐ.நா. பொதுச்செயலராக இருந்த கோஃபி அட்டா அன்னான் 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை குமாசியில் பிறந்தார். அட்டா என்றால் இரட்டையரில் ஒருவர். கூடப் பிறந்த சகோதரி எஃபுவா. அதே கிழமையின் பெண்பெயர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பெயர்சூட்டும் சடங்கு. எட்டாம் நாள் குழந்தையின் நாவில் ஒரு சொட்டுத் தண்ணீர், அப்புறம் ஒரு சொட்டு மது. தண்ணீரைத் தண்ணீர் என்றும் மதுவை மது என்றுமே சொல்ல வேண்டும் என்று அந்தப் பச்சிளம் காதில் சொல்கிறார்கள். எவ்வளவு அழகு!

வெள்ளிக்கிழமைப் பிள்ளை என்றால் தாராளமாக வையுங்கள். சனி என்றால் குவாமே, ஞாயிறு என்றால் குவாசி.