மகளுக்குக் குதிரையேற்றம்: எங்கே சேர்ப்பது?

கேள்வி: டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். 9 வயது மகள் குதிரையேற்றம் கற்றே தீர வேண்டும் என்கிறாள். எங்கள் வீட்டில் யாருக்கும் குதிரையைப் பற்றி எதுவும் தெரியாது. நல்ல பயிற்சியாளரை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: ஹில்கிரெஸ்ட், ஷோங்வேனி வட்டாரத்தில் தேடுங்கள். டர்பனைச் சுற்றிக் குதிரை லாயங்கள் அதிகம் இருப்பது அங்கேதான். பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் மட்டும் போய், புதிதாகக் கற்கும் பிள்ளைகளின் வகுப்பு ஒன்றை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். மகளைக் கூட்டிப்போனால் முதல் குதிரையைப் பார்த்ததுமே முடிவு ஆகிவிடும்!

பயிற்சியாளரின் கைகளைக் கவனியுங்கள். குழந்தை ஏறுவதற்கு முன் சேணத்தின் வயிற்றுவாரை இழுத்துப் பார்க்கிறாரா? ஏறிய பிறகு மறுபடியும் பார்க்கிறாரா? சில குதிரைகள் வார் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும். நாலு எட்டு நடந்ததும் வார் தளர்ந்து சேணம் ஒரு பக்கமாகச் சரியும்.

ஆரம்ப வகுப்புகளில் குதிரையை நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாக நடத்துபவர் என்றால் எனக்குப் பிடிக்கும். குழந்தை கடிவாளத்தைத் தொடாமல், உட்காரும் சமநிலையை மட்டும் கற்கும். கடிவாளத்தில் தொங்கிப் பழகிய கையைத் திருத்துவது பெரும்பாடு. முதல் மாதமே கேன்டர் (துள்ளுநடை ஓட்டம்) ஓட விடுகிறேன் என்பவரிடம் சேர்க்காதீர்கள்.

எந்தக் குதிரையில் ஏற்றுவார்கள் என்றும் கேளுங்கள். சம்மர்வெல்ட் பந்தயக் குதிரைப் பயிற்சி மையம் பக்கத்திலேயே இருப்பதால், ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள் இந்தப் பகுதிப் பள்ளிகளுக்கு வருவதுண்டு. நன்றாக மறுபயிற்சி பெற்றவையும் உண்டு. ஆனாலும் முன்னால் ஒன்று ஓடினால் தானும் ஓடத் தோன்றும் குதிரை 9 வயதுக் குழந்தைக்கு வேண்டாம். வயதான, சாதுவான போனி (குட்டை இனக் குதிரை) போதும். உள்நாட்டு இனமான பூர்பெர்ட் கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம், ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கு என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். மனிதருக்குத் தொற்றாது, குதிரைக்கு உயிர்க்கொல்லி. கொசுவைவிடச் சிறிய பூச்சி அந்தியிலும் விடியலிலும் கடித்துப் பரப்புவது. ஜூன் முதல் அக்டோபருக்குள் தடுப்பூசி போட்டு, கோடையின் கடைசியில் பொழுது சாயும் முன்பே குதிரைகளை லாயத்தில் அடைப்பதுதான் முறை. மார்ச் மாதம் அந்தி நேரத்தில் வகுப்பு வைக்கிறோம் என்று சொன்னால் யோசியுங்கள்.

தென்னாப்பிரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பில் பதிவு, காலாவதியாகாத முதலுதவிச் சான்றிதழ் இரண்டையும் கேட்டுப் பார்க்கலாம், தவறில்லை. கையெழுத்து வாங்கும் பொறுப்புவிலக்குப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள்.

உடைக்கு அவசரம் வேண்டாம். அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால்வளையம்) கால் நழுவி மாட்டாதபடி சின்னக் குதிகால் வைத்த ஷூ, ஜீன்ஸ், அவ்வளவுதான். ஹெல்மெட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழையது எத்தனை முறை விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. சைக்கிள் ஹெல்மெட் சரிப்படாது.

பருவம் முழுவதற்கும் முன்பணம் கேட்டால், முதலில் சில வகுப்புகளுக்கு மட்டும் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.